கன்னையாவின் மடக்குக்கத்திகள்

கரும்பு விளையும் தீவொன்றில், சவேனி என்ற ஊரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த கன்னையா தன்னிடமிருந்த மடக்குக்கத்திகளில் ஒன்றைக்கூட விலைக்கு வாங்கியதில்லை. எல்லாம் ஊரைவிட்டுப் போனவர்கள் நாந்தி விமான நிலைய வாசலில் அவர் கையில் வைத்துவிட்டுப் போனவை.

முதலாவது யோகேந்திராவின் கத்தி. பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. எண்பத்தேழில், இந்திய வம்சாவளியினர் கை ஓங்கியிருந்த ஆட்சியைக் கவிழ்த்து ராணுவம் பிடித்தது. அது போதாதென்று அதே வருஷம் மறுபடியும் பிடித்தது. அதற்குமேல் யோகேந்திராவின் மனைவிக்கு இங்கே சோறு இறங்கவில்லை. சிட்னியில் இருந்த அவள் அண்ணன் விசாவுக்கு வழி பண்ணினான். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் யோகேந்திரா மழையைப் பற்றியும் சர்க்கரை மில்லைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தான். பெட்டிகளை இறக்கிய பிறகு கால்சட்டைப் பையைத் துழாவி, கொம்புப் பிடி போட்ட கத்தியை வெளியே எடுத்தான். அவன் அப்பா வைத்திருந்தது.

"இத உள்ள விடமாட்டாங்க பையா. நீ வச்சிரு. நான் வந்து வாங்கிக்கறேன்," என்று இருவரும் எப்போதும் பேசிக்கொள்ளும் ஹிந்தியில் சொன்னான்.

வீட்டுக்கு வந்து கன்னையா கத்தியை விரித்துப் பார்த்தார். அலகில் பளபளப்பே இல்லை. மழைக்கு முன் கடல் இருக்கிற மாதிரி ஒரு சாம்பல், அதன் நடுவே நீலம், முனைப்பக்கம் வெல்லப்பாகு நிறம். துரு அல்ல, மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கி எஃகில் ஏறிய நிறம். கரும்புக்காட்டு வரப்பில் உட்கார்ந்து யோகேந்திரா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பாதியை இவர் பக்கம் நீட்டுவான். அந்த மாங்காயெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று கன்னையாவுக்குத் தோன்றியது.

அவர் அந்தக் கத்தியைப் பத்திரமாக வைத்திருக்கிற விஷயம் எப்படியோ பரவிவிட்டது. வரதோலியிலிருந்து கனடாவுக்குப் போன பாலசுப்பிரமணி வாத்தியார் பென்சில் சீவிய கத்தியைக் கொடுத்தார். புகையிலை நறுக்கிய கத்தி ஒன்று வந்தது. எத்தனை வருஷமாகியும் மடிப்பில் வாசம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கன்னையா தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றையும் துடைப்பார். துடைப்பாரே தவிர, தேய்க்கமாட்டார். கண்ணை மூடி எடுத்தாலும், விரித்து நிறத்தைப் பார்த்ததும் இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அடுத்த வருஷம் அவர் டாக்சியில் ஏறியவர்களில் அவருடைய மகன் ரஜனேஷும் மருமகள் வினீதாவும் இருந்தார்கள். பிரிஸ்பேன். ரஜனேஷ் பையில் கத்தியெல்லாம் கிடையாது. அம்மாவின் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான், போய்விட்டான்.

அன்றிலிருந்து கன்னையாவின் மனைவி பொன்னம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பாத்திரம், ஜன்னல் கண்ணாடி, சாமிவிளக்கு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தாள். அந்தச் சமயத்தில்தான் யோகேந்திராவிடமிருந்து போன் வந்தது. லௌடோகாவில் தங்கை மகளுக்குக் கல்யாணம், வருகிறேன் என்றான்.

மறுநாள் சவாரி முடிந்து கன்னையா வீட்டுக்கு வந்தபோது, தாழ்வாரத்தில் விரித்த செய்தித்தாளில் கத்திகள் வரிசையாகக் கிடந்தன. சந்தையில் மீன் அடுக்கின மாதிரி எல்லாம் ஒரே வெள்ளி. பக்கத்தில் கம்பிநாரும் சோப்பும்.

"அவரு இத்தினி வருஷம் கழிச்சு வர்றாரு. கறுத்துப்போன கத்தியவா குடுப்பாங்க? அதோட எல்லாத்தையும் தேச்சுட்டேன்," என்றாள் பொன்னம்மா. முகமெல்லாம் பெருமை. விரல்நுனி இரண்டில் கீறல்.

கன்னையா ஒன்றை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"அலகப் பாத்தா எது யாருதுன்னு தெரியல பொன்னு," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்து, கீறலில் மஞ்சள் வைத்துவிட்டார்.

யோகேந்திரா வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. கொம்புப் பிடியை வைத்து அவன் கத்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். அவன் விரித்து, அலகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான்தான் தேச்சுட்டேன், பையா," என்றாள் பொன்னம்மா. அவனை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"எங்கப்பா இத வாங்கினப்ப இப்பிடித்தான் இருந்திருக்கும், பாபி. நான் இந்த முகத்தப் பாத்ததே இல்ல." அண்ணியைப் பார்த்துச் சிரித்துவிட்டு முற்றத்து மாமரத்தில் ஒரு காய் பறித்து வந்தான். கீறினான், பொன்னம்மா உப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்தாள். சிட்னியில் மாங்காய்க்கு மணமே கிடையாது என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான். பேச்சு முடிவதற்குள் அலகில் புகை படிந்த மாதிரி ஒரு கீற்று விழுந்துவிட்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

போகும்போது கத்தியை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. "அங்க இதுக்கு என்ன வேலை? இங்கயே நறுக்குங்க," என்றான்.

அதன்பிறகு பொன்னம்மா சமையலுக்கு வேறு கத்தி தொடவில்லை. காலையில் எழுந்ததும் ஒன்றைப் பொறுக்குவாள். பிடியைப் பார்த்து, மறந்த இடத்தில் கன்னையாவைக் கேட்டு, "இன்னிக்கு வாத்தியாரு," என்று சொல்லிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்குவாள். ஊறுகாய் ஜாடிகள் அலமாரி கொள்ளாமல் தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் போயின. கத்திகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஆனால் பழைய நிறம் எதுவும் திரும்பவில்லை. இது பொன்னம்மா கை நிறம் என்று கன்னையா நினைத்துக்கொண்டார். அதிலும் அவருக்குக் குறையில்லை.

விசா பேப்பர் எல்லாம் தயார், கிளம்பி வாருங்கள் என்று ரஜனேஷ் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வர்றோம்டா," என்றாள் ஒருநாள் பொன்னம்மா. "நாலஞ்சு கத்தி இன்னும் வெள்ளையாவே கிடக்குது. கொஞ்சம் கறுக்கட்டும்."

உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த கன்னையா பித்தானைப் போடாமல் நின்று சிரித்தார். வெளியே யாரோ சவாரிக்குக் கூப்பிட்டார்கள்.