பின்னால் வந்த சிரிப்பு

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் ஆங்கிலேய அம்மா இருந்தார். ஒரு காலத்தில் நகைச்சுவை நடிகை. லண்டன் மேடையில் வேலைக்காரியாக நுழைந்து, படங்களிலும் வேலைக்காரியாகவே தட்டுகளைப் போட்டுடைத்து, பிறகு தொலைக்காட்சியில் பக்கத்து வீட்டு வாயாடியாகி, கடைசியில் நோர்வேக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டவர். "ஒரு படத்தில்கூட நான் எசமானி ஆகவில்லை" என்று பெருமையாகச் சொல்வார்.

ஞாயிறு மத்தியானங்களில் அவருடைய பழைய படமொன்றைக் கூடத்தில் போடுவோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் வெளிச்சமும் திரை வெளிச்சமும் ஒரே சாம்பல் நிறம். திரையில் வெள்ளை ஏப்ரன் கட்டிய இளம்பெண், கதிரையில் கம்பளி போர்த்திய கிழவி. கிழவியை அந்தப் பெண் கனவு காண்கிறாளா, அந்தப் பெண்ணைக் கிழவி காண்கிறாரா என்று எனக்கு மயக்கமாக இருக்கும்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. சமையலறையில் பீங்கான் எல்லாம் விழுந்து நொறுங்குகிற சத்தம். கதவு திறக்கிறது. அவர் வந்து நிற்கிறார். பேசவில்லை. அந்த முகம் மெல்ல மெல்ல மகாராணி முகமாகிறது. அதற்குப் பிறகுதான், "ஒன்றும் உடையவில்லை, ஐயா."

ஆனால் வசனத்தின் நோர்வேஜிய மொழிபெயர்ப்பு எழுத்து திரையின் அடியில் முந்திக்கொண்டு வந்துவிடும். அவர் வாய் திறக்குமுன்பே கூடம் சிரித்து முடித்துவிடும்.

"அவர்கள் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்றார் ஒருநாள். "நான் யாரையாவது சிரிக்க வைத்தேனா என்று தெரியாமலே போய்ச் சேரப் போகிறேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

எனக்கோ எழுத்தை வாசிக்கச் சோம்பல். கோப்பி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அந்த முகத்தைத்தான் பார்ப்பேன். சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். உடனே வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். பெரியவர்கள் முன்னால் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாதென்று வளர்ந்த உடம்பு, சொன்னால் கேட்காது.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் சிநேகிதிதான் போட்டுடைத்தாள். "ஏனப்பா வாயைப் பொத்துறாய்? உன்ரை பல்லை ஆரும் களவெடுக்கப் போயினமே? மனிசி நீ கொட்டாவி விடுறாய் எண்டெல்லோ நினைக்குது."

"கொட்டாவியோ! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நோகுது."

அவள் வாய் சும்மா இருக்குமா? நேரே போய் அவரிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் தன் கதிரையைத் திருப்பிப் போடச் சொன்னார். முதுகு திரைக்கு, முகம் எனக்கு. காட்சி நெருங்கியபோது, கோப்பை நிறைந்த தட்டொன்றை என் இரண்டு கைகளிலும் ஏந்த வைத்தார். "கொஞ்ச நேரம் பிடி. கீழே வைக்காதே."

பீங்கான் நொறுங்கியது. எழுத்து வந்தது. கூடம் சிரித்து அடங்கியது. அவர் அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த முகம் மெல்ல மெல்ல மகாராணியானது. நான் வெடித்துச் சிரித்தேன். பல், ஈறு, எல்லாம் தெரிய. தட்டில் கோப்பைகள் கலகலவென்று ஆடின.

அவர் கண்களை மூடிக்கொண்டார். "இது என்னுடையது" என்றார்.

எனக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கத்தான் கை இல்லை.