பூட்டிய வீட்டுக் காற்று

புது அலுமாரி வந்ததிலிருந்து கண் எரிகிறது. ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து ஃபோர்மல்டிஹைட் வாயு வருமாம். லண்டனில் இருக்கும் மகன் அதை அளக்க ஒரு மீற்றர் அனுப்பியிருந்தான்.

“கதவு யன்னலெல்லாம் பூட்டிப்போட்டு அளந்து பாருங்கோ அம்மா. இடையிலை ஒருத்தரும் வந்து போகக்கூடாது.”

இரண்டாவது நிபந்தனைக்கு இந்த வீட்டில் எந்தச் சிரமமும் இல்லை.

இன்று காலை பூட்டிவிட்டு மீற்றருக்கு முன்னால் இருந்தேன். சுன்னாகத்தில் முன்கதவு திறந்திருந்தால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பகலில் பூட்டியிருந்தால் ஊரே யோசிக்கும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு மலர் கதவை இடித்தாள்.

“அக்கா! என்ன, ஒரு சத்தம் சிலமனையும் காணேல்லை? நான் பயந்தே போனன்!”

திறந்தேன். வெளிக்காற்று புகுந்து சோதனை கெட்டது. அவள் தேத்தண்ணி குடித்து, பொழுதுபடும்வரை கதைத்துவிட்டுப் போனாள்.

மகனிடம் சோதனை சரிவரவில்லை என்றேன். நாளைக்கும் பூட்டப் போகிறேன்.

மீற்றரைப் போடாமலே பூட்டினால் பிழையா, சொல்லுங்கள்.