இரண்டு விரலால் தூக்கிய கதவு

ஓசூரில் என் வீட்டு கார் ஷெட்டில், வேகப் பிரியர்களின் கார்களுக்கு எடை குறைந்த ஃபைபர் கதவுகள் செய்து கொடுக்கிறேன். செய்த கதவை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. எடைக்காக, மோதலைத் தாங்க உள்ளே இருக்கும் இரும்புக் குழாயையும் எடுத்துவிடுவேன்.

அப்படிப்பட்ட கதவுகளை என் காருக்கே மாட்டிக்கொண்டு, ராயக்கோட்டையிலிருந்து மனைவியை அழைத்து வந்தேன். பொழுது சாயும் நேரம். சானமாவு காட்டில், முன்னால் போன தக்காளி வண்டி நின்றது.

"ஆனை நிக்குது, லைட்ட ஆஃப் பண்ணுங்க" என்றார் அதன் டிரைவர்.

அணைத்தேன். யானை அவரை விட்டுவிட்டு எங்களிடம் வந்தது. மனைவி பக்கம் நின்று, தும்பிக்கையைக் கதவின் மேல் வைத்தது. லேசாகத்தான் வைத்தது. கதவு உள்ளே குழிந்து அவள் தோளைத் தொட்டது. தும்பிக்கையை எடுத்ததும் டப்பென்று நிமிர்ந்தது. மறுபடியும் வைத்தது.

"ஏங்க, இது தாங்குமா?" உதடு மட்டும்தான் அசைந்தது.

தாங்காது என்று செய்தவனுக்குத் தெரியாதா?

"தாங்கும்" என்றேன். என் குரலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

யானை என்ன நினைத்ததோ, திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

இன்றும் கதவு செய்கிறேன். ஆர்டர் வாங்கும் முன், "இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?" என்று கேட்கிறேன். யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், குழாயை உள்ளே வைத்துத்தான் செய்கிறேன். அந்தக் கதவை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருக்கிறது.