உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன்!

மேலூர் பேருந்து நிலையத்துக்கு அருகே துணிக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஆவணி முகூர்த்த நேரத்தில், மனைவியோடு சேலை எடுக்க வந்த ஒருவர், "அண்ணே, கடைப் பொண்ணுங்க உக்கார எடமே காணோமே?" என்றார்.

"உக்காந்தா யாவாரம் படுத்துரும் சார்" என்று சிரித்தேன்.

"நான் தொழிலாளர் துறையிலதான் இருக்கேன். கடை ஊழியருக்கு இருக்கை போடணும்னு சட்டமே இருக்கு. அடுத்த வாரம் வாரேன், போட்டு வைங்க" என்றார்.

மறுநாளே ஸ்டூல்கள் வாங்கிப் போட்டேன். கூச்சத்தில் மூவரும் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா, இல்லாட்டி என்னையப் பிடிச்சுட்டுப் போயிருவாக!" என்று கெஞ்சினேன். கடையே சிரித்தது. மூத்தவரான செல்விதான் முதலில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கால்வலி தாங்காம இந்த மாசத்தோட நின்னுக்கலாம்னு இருந்தேன். இனி போகல" என்றார்.

பகீரென்றது. செல்வியைத் தேடியே என் கடைக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர்!

இப்போதெல்லாம் புதுச் சட்டம் என்று காதில் விழுந்தால், நானே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வருகிறேன். கடைப் பெண்களிடமும் "வேற என்னம்மா வேணும்?" என்று கேட்கிறேன். போன வாரம் மூவரும் ஒரே குரலில், "ஃபேன்!" என்றார்கள். மாட்டியாகிவிட்டது.