பெட்டிக்குள் இருந்த ஒன்பது பேர்

ஒருவரும் கேட்காமலே உதவி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது என்னுடைய பிறவிக் குணம். பெரும்பாலும் திட்டோடு முடிந்துவிடும். ஒரு தடவை மட்டும் ஈரக்குலை நடுங்கியது.

வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பதுதான் என் வேலை. கனடாவில், மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து, ஸ்காபரோவின் மறுகோடியில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் மூன்று வருடம் போய்வந்தேன். அவருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். பக்கத்து ஊரான விட்பியில் இருந்த அவருடைய மகள் சனிக்கிழமைகளில் வருவாள். சிரிக்காத பெண். அவள் ஒரு சொல் முறைப்பாடு சொன்னால் என் வேலை போய்விடும் என்று எப்போதும் ஒரு பயம் எனக்கு.

கிழவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒன்பது அட்டைகள். நூறு வருடத்துக்கு முந்திய பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படங்கள். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து விற்றார்களாம். அவருடைய தாத்தா புகைத்துப் புகைத்துச் சேர்த்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் தடவுவார். "இவனுக்குச் சின்ன வயதில் தோட்டத்து மெஷினில் விரல் போய்விட்டது. அதனால்தான் இவன் எறிந்த பந்து அப்படி வளைந்தது" என்பார். அடுத்ததைத் தடவி, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த பெரிய கைக்காரனைப் பற்றிச் சொல்வார். இன்னொருவன் சரியான கோபக்காரன், ஓடி வந்தால் எதிரில் நிற்பவன் விலகிவிடுவானாம். கறுப்பர்களில் இவர்களை விழுத்தக்கூடிய வீரர்கள் இருந்தார்கள், அவர்களைச் சேர்த்து விளையாட விடவில்லை, அதனால் இந்தப் பெட்டியிலும் இல்லை என்று அடிக்கடி குறைப்படுவார். எனக்கு அந்த விளையாட்டில் ஒரு மண்ணும் விளங்காது. ஆனாலும் அவர் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை தேத்தண்ணி தட்டுப்பட்டு ஒரு அட்டையின் ஓரத்தில் கொட்டிவிட்டது. துடைக்கும்போது ஒன்பதையும் பார்த்தேன். மூலைகள் எல்லாம் பிய்ந்து, எப்போதோ நாய் கடித்து, நடுவில் மடிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. உடனே எனக்குள் இருந்த யாழ்ப்பாணத்துக்காரி விழித்துக்கொண்டாள். சண்டையில் இடம்பெயர்ந்து கிளாலிக் கடலைக் கடக்கும்போது என் படிப்புச் சான்றிதழ் நனைந்து கூழாகிப் போனது. அதன்பிறகு எங்கள் வீட்டில் லமினேற் செய்யாத கடதாசி கிடையாது. பிறப்புப் பத்திரம், கலியாண எழுத்து, மகளின் சாதகம் எல்லாம் பிளாஸ்ரிக்குக்குள்தான். கிழவர் கண்ணயர்ந்த நேரம் ஒன்பதையும் எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். காலையில் புதுசாகக் கொண்டுவந்து கொடுத்து அவரைச் சந்தோசப்படுத்தலாம் என்பது எண்ணம்.

எங்கள் பக்கத்துப் பிளாசாவில் போட்டோக்கொப்பி கடை வைத்திருக்கும் அண்ணை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது சரியான பழசு. சூட்டில வைச்சால் பிறகு ஒரு நாளும் கழட்டேலாது. உரிய ஆக்களைக் கேட்டனீங்களே?"

"ஓம் அண்ணை, நீங்கள் அடியுங்கோ" என்றேன். கூசாமல் சொன்ன பொய்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்து அழகு பார்த்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கின. கிழவர் செய்வதுபோல் செய்து பார்ப்போமே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பெருவிரலால் தடவினேன். இன்னொன்றைத் தடவினேன். மூன்றாவதையும் தடவினேன். எல்லாம் ஒரே வழவழப்பு, ஒரே கூர் மூலை. நாய் கடித்த இடம் இல்லை, மடிந்த கோடும் இல்லை. ஐயோ, அந்த மனுசன் எதைக்கொண்டு ஆட்களைக் கண்டுபிடித்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். பிளாஸ்ரிக்கோடு அட்டையின் தோலும் சேர்ந்து எழும்பியது. கையை எடுத்துவிட்டேன். இறங்கவேண்டிய தரிப்பையும் விட்டுவிட்டேன்.

திரும்பி நடந்து போனால் வாசலில் மகளின் கார். சனிக்கிழமை வருகிறவள் வெள்ளிக்கிழமை வந்து நிற்கிறாள்; கிழவர் போன் எடுத்திருக்கவேண்டும். கதவைத் திறந்ததும் வெறும் பெட்டிதான் என் கண்ணில் பட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு கிழவர் இருந்தார். மகள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கள்ளி என்று எழுதியிருந்தது. வேலை செய்யும் வீட்டில் ஒரு கரண்டியையும் வெளியில் கொண்டுபோகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். பொலிஸ் வருமா, இனி எந்த வீட்டிலாவது என்னை உள்ளே விடுவார்களா என்று யோசித்தபடியே பையைத் திறந்து ஒன்பதையும் மேசையில் வைத்தேன்.

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"இதை யார் செய்யச் சொன்னது?"

மேசையில் கிடந்த மற்ற எட்டையும் நேராக அடுக்கத் தொடங்கினேன்.

"நான்தான்" என்றார் கிழவர். "தேத்தண்ணி கொட்டிப் பழுதாகிக்கொண்டு வந்தது. நான்தான் செய்துகொண்டு வரச் சொன்னேன். வயது போகிறது, சொன்னதை மறந்துவிட்டேன்."

மகள் தகப்பனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் வேலை தப்பியது.

கிழவர் மேசைப் பக்கம் கையை நீட்டினார். அப்போதுதான் என்னைப் பயம் முழுதாகப் பிடித்தது. அட்டைகளைக் கொடுத்தேன். முதலாவதின் நாலு மூலைகளையும் தடவினார். திருப்பிப் பிடித்துத் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டி, மெதுவாகக் கேட்டார்.

"இது யார்?"

படத்தின் கீழே இருந்த பெயரை வாசித்தேன். தலையாட்டினார். அடுத்ததை நீட்டினார். அதையும் வாசித்தேன். ஒன்பது பேரையும் வாசித்து முடித்தேன். அவர் ஒருவனைப் பற்றியும் கதை சொல்லவில்லை.