ரயில் மேட்டில் மாடு ஏறக்கூடாது

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீடு ஒரு பள்ளத்தில் இருந்தது. செங்கல் சூளைக்காக மண் தோண்டி, தோண்டியதை அப்படியே விட்டுவிட்டுப் போன பள்ளம் அது. பின்னால் கிள்ளான் ஆறு, முன்னால் ரயில் மேடு. ஆண்டுக் கடைசி மழையில் ஆறு வீட்டுக்குள் வந்துவிடும். அந்த வட்டாரத்தில் தண்ணீர் எட்டாத இடம் ரயில் மேடு ஒன்றுதான். அதில் மாடு ஏறக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கியவர் என் வீட்டுக்காரர்.

தோளில் சுத்தியலும் கக்கத்தில் சிவப்பு, பச்சைக் கொடிகளுமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவருடைய வேலை. ஆணி தளர்ந்திருந்தால் அடிப்பார். மாடு நின்றால் பிடித்துக்கொண்டுபோய்ப் பட்டியில் அடைப்பார். தெரிந்தவர் மாடு, தெரியாதவர் மாடு என்று பேதம் பார்க்கமாட்டார். அதனால் எங்கள் குடியிருப்பான அந்தக் கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைவு.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மாடு. கல்யாணத்துக்கு என் அண்ணன் கொடுத்த கன்று, என் கையால் வளர்ந்தது. அந்த வருஷம் அது தலைச்சன் சினை. மழையும் அதன் மாதமும் சேர்ந்தே வந்தன. எனக்கு அப்போது பிள்ளை இல்லை. அந்த மாட்டின் மேல் உயிரையே வைத்திருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஐப்பசி பிறந்ததும் அவர் வெள்ளத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டார். அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரம்பு வைத்து இறுக்கிக் கட்டினார். தவிட்டையும் புண்ணாக்கையும் மண்ணெண்ணெய்த் தகரங்களில் அடைத்துப் பரணில் ஏற்றினோம். கோழிக்கூட்டைத் தூக்கி உத்தரத்தில் தொங்கவிட்டோம். கோழிகள் மூன்று நாள் முட்டையிடாமல் எங்களை முறைத்தன. முந்தின வருஷம் தண்ணீர் நின்ற இடத்தில், தொழுவத் தூணில் முழங்கால் உயரத்துக்குத் தாரால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகளைக் கேட்டு வாங்கிவந்து, கோட்டுக்கு ஒரு சாண் மேலே வரும்படி மாட்டுக்கு ஒரு மேடை அடுக்கினார்.

"தண்ணி இந்தக் கோட்டத் தாண்டாது" என்றார்.

"தண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவர் கோட்டின் மேல் இன்னொரு பூச்சுத் தார் பூசினார்.

"தாண்டிச்சுன்னா மேட்டுல ஏத்திருவேன்" என்றேன்.

"ஏத்தினா புடிச்சு அடைப்பேன். நம்ம மாடா இருந்தாலும் மாடு மாடுதான்."

அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை அவர் வேலைக்குப் போனதும் ஆறு வந்தது. தவிட்டைக் காட்டி மாட்டை மேடையில் ஏற்றினேன். தண்ணீர் கோடு வரைக்கும் வந்து கொஞ்ச நேரம் நின்றது. அவர் பேச்சுக்கு மரியாதை கொடுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு கோட்டைத் தாண்டி மேடையிலும் ஏறி மாட்டின் குளம்பை நனைத்தது. அந்த நேரம் பார்த்து மாடு வாலைத் தூக்கிக்கொண்டு முக்க ஆரம்பித்தது.

கயிற்றை அவிழ்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் மேட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போனேன். சரிவு ஒரே சேறு. மாடு இரண்டு முறை சறுக்கி மண்டியிட்டது. எதிர்வீட்டு அக்காவின் மாட்டை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை பட்டியில் அடைத்திருக்கிறார். அந்த அக்காதான் வந்து, பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கேட்டாள்.

"இப்ப ஒங்க வூட்டுக்காரரு வந்து யார அடைப்பாரு?"

திரும்பிப் பார்த்தால், கம்பத்து மாடுகள் எல்லாம் எங்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தன.

என் மாடு தண்டவாளத்துக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. இழுத்தும் எழவில்லை. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது என்றாள் அக்கா. தாயும் கன்றும் போய்விடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. 

அப்போதுதான் அவர் வந்தார், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே. மாடுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படுத்திருந்ததையும் பார்த்தார்.

"பாலத்துகிட்ட தண்டவாளம் முழுகிருச்சு. இன்னிக்கு ரயில் கெடையாது" என்றார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நூறு அடி தள்ளிப் போய்ச் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரயில் கெடையாதுன்னா கொடி எதுக்கு தம்பி?" என்று அக்கா கத்திக் கேட்டாள்.

"தடத்துல மாடு இருக்கு."

அக்கா கையை உள்ளே விட்டுக் கன்றைப் பின்னுக்குத் தள்ளி, மடங்கிய காலைத் தேடிக்கொண்டிருந்தபோது, பாலத்தைப் பார்க்கப் போகும் வெள்ளைக்கார ரயில்வே துரையின் டிராலி வண்டி தண்டவாளத்தில் வந்தது. கொடியைக் கண்டு நின்றது. என்ன என்று துரை கேட்டார். "லெம்பு, துவான்" என்றார் இவர். மலாயில் லெம்பு என்றால் மாடு, துவான் என்றால் துரை. துரை குடையை விலக்கி எட்டிப் பார்த்தார். கம்பத்து மாடுகள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தன. அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு, டிராலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கன்று வந்தது. மூச்சு இல்லை. அக்கா அதன் மூக்கை வழித்து, ஒரு வைக்கோல் துரும்பை உள்ளே விட்டுக் குடைந்தாள். நான் வேண்டாத சாமியில்லை. அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கொடி பிடிப்பவர் திரும்பக்கூடாதாம், அதுவும் ஒரு சட்டம். ஆனால் கொடி நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று அப்போது ஓய்ந்திருந்தது.

கன்று தும்மியது. கிடாரி. தாயும் எழுந்து நின்று அதை நக்கத் தொடங்கிய பிறகு, இரண்டையும் ஓரமாக நகர்த்தினோம். அவர் சிவப்பைச் சுருட்டிவிட்டு, டிராலிக்குப் பச்சை காட்டினார்.

வேலை போய்விடும் என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தோம். போகவில்லை. துரை என்ன எழுதினார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவர் தார் பூசவில்லை. எங்கள் தொழுவத்துக்கு எதிரே ரயில் மேட்டை வெட்டிச் சரிவாக்கி, ஜல்லி கொட்டி இறுக்கினார். மழைத் தண்ணீர் வடிவதற்கு என்றார். இரண்டு மாடு ஜோடியாக ஏறும் அகலம் இருந்தது. பிறகு, மழைக்கு முன்னால் வருஷா வருஷம் எச்சரிப்பது போல வீடு வீடாகப் போனார்.

"ரயில் மேட்டுல மாடு ஏத்தக்கூடாது" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். "எங்க தொழுவத்துக்கு எதிர்ல சரிவா இருக்கு. மாடு சுலபமா ஏறிடும். பாத்துக்குங்க."