அம்மா பால் ஊற்றிய மலை

எனக்குப் புனேயின் ஔந்த் பகுதியில் ஒரு நல்ல பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இடம் கிடைத்தால், மலையேறிப் போய் முருகனுக்குத் தன் கையால் பால் ஊற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மாவின் முருகன் தென்காசிப் பக்கம் இருந்தார்; நாங்கள் புனேயில், சாங்வியில் ஒற்றை அறையில் இருந்தோம். ரயிலில் போய்வரவே நாலைந்து நாள் ஆகும். அப்பாவின் கம்பெனியில் அத்தனை நாள் லீவு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும்தான்.

அம்மா விடுகிற ஆள் இல்லை. நேர்த்திக்கடன் தீராமல் நான் அந்தப் பள்ளி வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்குப் போன முதல் ஆள் நான். அதுவரை படித்தது முனிசிபல் பள்ளியில், மராத்தியில். அந்த நாலு வகுப்பு முடிவதற்குள் சாங்விக்கும் ஔந்த்துக்கும் நடுவே அம்மா எத்தனை சாமிகளிடம் பேசி வைத்திருந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கடன் மட்டும் முருகனிடம்தான்.

அப்பாவோடு வேலை பார்த்த மராட்டிக்காரர் ஒருவர் வழி சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு மலை, அதன் உச்சியில் கார்த்திக் சுவாமி. வேல் உண்டா, மயில் உண்டா என்று அம்மா கேட்டனுப்பினாள். இரண்டும் உண்டு என்று பதில் வந்தது. அது போதும். பெயரை மாற்றி வைத்துக்கொண்டால் முருகன் வேறு ஆளாகிவிடுவாரா என்ன?

மறுநாள் பள்ளி திறக்கிறது என்ற ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இரண்டு பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு போய் அடிவாரத்தில் இறங்கினால், காத்திருந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. பால் இருந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியை அம்மா யாரிடமும் தரவில்லை. செருப்பை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். படி கொஞ்ச தூரம்தான். அதற்குமேல் வழுக்குகிற செம்மண் பாதை. மழைக்கோட்டும் பூட்ஸுமாகக் காலேஜ் பிள்ளைகள் பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒரு பெண் திரும்பி நின்று, "ஆன்ட்டி, சப்பல்?" என்றாள். அம்மா சிரித்தபடி ஏறிக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் கால் வழுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தாள். சேலையெல்லாம் சேறு. தூக்குச்சட்டி மட்டும் தலைக்கு மேலே நின்றது.

"ஏங்க, மூடி சரியா இருக்கான்னு பாருங்க," என்றாள் அப்பாவிடம்.

கோயில் சின்னது. வாசலில் ஒரு தகரப் பலகை, மராத்தியில் எழுதியது.

"ஏல, என்ன எழுதிருக்கு? படி," என்றாள் அம்மா.

படித்தேன். பெண்கள் சுவாமியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கணவன் உயிருக்கு ஆகாது. கார்த்திகைப் பௌர்ணமி அன்று மட்டும் விலக்கு. நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஜூன் மாதத்தில்.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். முழங்காலில் ரத்தம் மழைத்தண்ணீரோடு கலந்து இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வெள்ளரிக்காய் விற்கிற கிழவியின் குடைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரணும்னு போட்டிருக்கும்மா," என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அப்பா என் செருப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்."

பூசாரி தொட்டியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் அம்மா உள்ளே போய், மூடியைத் திறந்து, ஒரே சீராகப் பாலை ஊற்றி முடித்துவிட்டாள். சாமியை நான் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன், ஏதோ அதனால் பாதிப் பாவமாவது குறையும் என்பதுபோல. பால் ஒரே தாரையாக விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஓடி வந்த பூசாரி, பலகையைப் படிக்கவில்லையா என்று கத்தினார். வேலை பார்க்கிற வீடுகளில் கற்றுக்கொண்ட மராத்தியில், படிக்கத் தெரியாது என்று அம்மா அமைதியாகச் சொன்னாள். பூசாரி என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். கை நிறையப் பிரசாதச் சர்க்கரையை அள்ளி என் கையில் கொட்டி, முதலில் அப்பாவுக்குக் கொடு என்று அனுப்பினார்.

நான் ஓடினேன். அப்பா மிளகாய்ப்பொடி தடவிய வெள்ளரிக்காயை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில் இருக்கிற மனிதர் இப்படியா தின்பார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சர்க்கரையை அவர் வாயிலேயே திணித்தேன்.

மறுநாள் புதுப் பள்ளிக்குப் போனேன். ஆங்கிலத்தில் என்ன சொன்னார்கள் என்பது எதுவும் நினைவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்துக்குக் வாசல் கேட்டில் போய் நிற்பேன். அவர் தும்மினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். வேலையில் ஹெல்மெட் போட்டாரா என்று தினமும் கேட்டேன். பிள்ளைக்கு அப்பா மேல் என்ன பாசம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நான் நன்றாகப் படித்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்ததும் அந்த நாட்களில்தான். அப்பாவைப் பணயம் வைத்து வாங்கிய படிப்பாயிற்றே. வீணாக்க முடியுமா?

போன வருடம் டிகிரி முடித்த அன்றைக்கு, சாப்பாட்டுக்கு நடுவே, அந்தப் பலகையைப் பற்றிய பொய்யை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அம்மா ரசத்தைக் கலக்கி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அப்பாதான் சொன்னார். "வழி சொன்ன அன்னைக்கே அந்த மராட்டிக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டாம்லா. போகட்டா வேண்டாமான்னு ஒங்கம்மா என்கிட்ட கேட்டா. பிள்ளைக்காக நேர்ந்தது, போன்னு சொன்னேன்."

"பெறவு எதுக்கும்மா என்னைப் படிக்கச் சொன்ன?"

"நீ என்ன சொல்லுதன்னு பாக்கத்தான்," என்றாள் அம்மா. என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அன்று மலையிலிருந்து இறங்கும்போது அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அம்மா கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், காலி தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டு. அவளுக்குக் கேட்காதபடி குனிந்து, "ஏல, பால் சிந்தாம ஊத்துனாளா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று அன்றைக்கு அவருக்காகப் பரிதாபப்பட்டேன்.